கோலத்தில் இடதுபக்கம்

மலாக்காவின் காஜா பெராங்கில் அஞ்சலையின் முகம் தெரியாதவர்கள் சிலர் இருந்திருக்கலாம். அவளுடைய சைக்கிள் சத்தம் தெரியாதவர்கள் யாருமில்லை. கிழக்கு வெளுக்கும் முன்பே, பால் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, செயின் கறகறவென்று அரற்ற, அந்த ஆண்பிள்ளை சைக்கிள் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும். பின்வாசலில் "சூசூ" என்று ஒரு சின்னக் குரல் கேட்கும். பாலுக்கு மலாயில் அதுதான் பேர். பாத்திரத்தோடு ஆள் வருவதற்குள் அவள் குனிந்து அளக்க ஆரம்பித்திருப்பாள். அளந்து ஊற்றியதும் கிளம்பிவிடுவாள். நிமிர்ந்து நாலு வார்த்தை பேசியதாக யாரும் சொன்னதில்லை.

அப்பாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்ட வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அண்ணன் மருதமுத்து அதற்கு முன்பே வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு தோட்ட வேலைக்குப் போயிருந்தான். பால் ஊற்ற வேறு ஆளில்லை. பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டே அவள் ஓட்டப் பழகினாள். கல்யாணமான பிறகும் அந்தச் சைக்கிள்தான், அந்த வேலைதான்.

வாய் எவ்வளவு குறைச்சலோ கண் அவ்வளவு கூடுதல். பின்வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அவளுக்கு ஒரே ஒரு அரிப்பு இருந்தது. ஒரு சந்து பிரிந்து போவதைப் பார்த்துவிட்டால், அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும். பால் விற்று முடிந்ததும் நேரே வீடு திரும்ப மாட்டாள். ஒருநாள் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து கிளேபாங் கடற்கரையில் போய் நிற்பாள். இன்னொரு நாள் செமாபோக்கின் பின்புறம், பாசி பிடித்த பழைய செங்கல் மதில் ஒன்றை ஒட்டிக்கொண்டே போய், அது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கிணற்றில் முடிவதைப் பார்த்துவிட்டு வருவாள்.

வீட்டில் அவள் கணவன் கணேசமூர்த்தி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பான்.

"இவ்வளவு நேரம் எங்கடி போன? பால் திரிஞ்சிருக்குமே."

"பால் எல்லாம் வித்துட்டுத்தான் போனேன்."

"அப்ப நீதான் திரிஞ்சிருக்க."

கணேசமூர்த்திக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை ஏறி, நேராகப் பெரிய சாக்கடைக்குள் போய் விழுந்தவன். தண்ணீரைக் கண்டாலும் அன்றிலிருந்து பயம். மற்றபடி உலகத்தில் அவன் கிண்டல் செய்யாதது எதுவுமில்லை.

ஜப்பான்காரன் வந்தான். மாடுகளை இறைச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பல் போன கிழட்டுப் பசு ஒன்று மட்டும், அவர்களுக்கே பிடிக்காமல் மிஞ்சியது. கடைகளில் துணியில்லை, நூலில்லை, அரிசியில்லை. திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் மரம் நிற்கிற நாட்டில் சைக்கிளுக்கு டயரில்லை. அஞ்சலை தேங்காய்நார்க் கயிற்றைத் திரித்து, சக்கரத்தின் விளிம்பில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டினாள். தார் ரோட்டில் அது இடுப்பெலும்பை உலுக்கி எடுத்தது. மண்பாதையில் இறங்கிவிட்டாலோ பூனை நடப்பது போல ஓசையே இல்லை.

தார் ரோடு இன்னொரு வகையிலும் ஆகாததாகிவிட்டது. முச்சந்திகளில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான். சைக்கிளிலிருந்து இறங்கி இடுப்பு வளையக் குனிய வேண்டும். குனிந்தது போதவில்லையென்றால் அறை விழும். சைக்கிள் அவனுக்குப் பிடித்துவிட்டால் நடந்துதான் வீடு போக வேண்டும். அதனால் அஞ்சலை வயல் வரப்பும் தோப்புச் சந்துமாகவே போய் வரப் பழகினாள். முன்பு வேடிக்கைக்காகத் தெரிந்துகொண்ட பாதைகளெல்லாம் இப்போது பிழைப்புக்கு ஆயின.

பிறகு லோரி வந்தது. உஜோங் பாசிர் பக்கம் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று சொல்லி ஆம்பிளைகளைக் கூப்பிட்டார்கள். படம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக மறுநாள் தெரிந்தது. அடுத்து செமாபோக். கணேசமூர்த்தி மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பரணில் வைக்கோலுக்குள் ஏறிப் படுத்தான்.

"கீழ மாடு, மேல நான்," என்றான். "ரெண்டு பேருக்கும் சேர்த்துப் புல்லு போட்டுரு."

அஞ்சலை சிரிக்கவில்லை. பரணில் எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? அண்ணன் மருதமுத்து இப்போது தோட்டத்தை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் கம்பத்தின், அதாவது கிராமத்தின், ஓரத்தில் காடு வெட்டி மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தான். பழைய சண்டையெல்லாம் பஞ்சத்தில் கரைந்துபோயிருந்தது. அவன் இருக்கும் இடத்துக்கு லோரி போகாது, மாட்டுவண்டி போவதே கஷ்டம். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கணேசமூர்த்தி பிழைத்தான். ஆனால் பாச்சாங் முச்சந்தியிலும் அதற்கு அப்பால் பெரிய ரோடு நெடுகவும் சிப்பாய்கள் நின்றார்கள். வயசு ஆம்பிளையை அவர்கள் விட மாட்டார்கள். சிப்பாய் நிற்காத பாதை ஒன்று வேண்டும். லோரி காஜா பெராங்குக்கு வருவதற்குள் வேண்டும்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சீதாவிடம் போனாள்.

சீதா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். அஞ்சலையின் வயதுதான். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இங்கேயே நின்றுவிட்ட குடும்பம். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குப் படைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். அந்த மலாய்க்குள் சாமி, பூசை, பொங்கல் என்று தமிழ்ச் சொற்கள், அரிசியில் கல்லைப் போல இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல்லில் தட்டும். பொங்கலன்று இரண்டு வீட்டு வாசலிலும் இரண்டு பேருமாகக் கோலம் போடுவார்கள். சீதாவின் வீட்டாருக்கு ஆற்றோரம் நெல்வயல் இருந்தது. சிறுமியாக இருந்தபோது வண்டியில் பலமுறை அங்கே போயிருக்கிறாள்.

மிளகாயைக் காயவைத்துக்கொண்டே சீதா மலாயில் வழி சொன்னாள். பாச்சாங் முச்சந்திக்கு முன்பே வயலில் இறங்கிவிட வேண்டும். அம்மன் கல்லைத் தாண்டி, டச்சுக்காரன் கல்லறைகளைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டியே போக வேண்டும். கடைசியாகச் சொன்னாள்:

"ஜும்பா கோலாம், பெலோக் கிரி."

கோலத்தைக் கண்டால் இடதுபக்கம் திரும்பு. அஞ்சலை அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். சீதாவின் பேச்சில் வழக்கமாக வந்து விழும் தமிழ்ச் சொற்களில் இதுவும் ஒன்று என்று அவளுக்குப் பட்டது. இருந்தாலும் ஒரு சந்தேகம் வந்து, மலாயிலேயே கேட்டாள்.

"அந்தக் கோலம் இன்னும் இருக்குமா?"

"ஏன் இல்லாம? என் தாத்தாவோட அப்பா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."

அஞ்சலைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அத்தனை தலைமுறையாக ஒருநாள் விடாமல் கோலம் போடும் வீடு! யார் அவர்கள்? மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனால் மேலே ஒரு கேள்வி கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில், பால் ஊற்றப் போகிறவள் போலக் கேன்களை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். வயலில் இறங்கியதும் கயிற்றுச் சக்கரம் ஓசையடங்கி ஓடியது. கொக்குகள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரப்போரம் மஞ்சள் காய்ந்த அம்மன் கல், அதற்கு யாரோ அன்று வைத்த ஒற்றைச் செம்பருத்தி. டச்சுக்காரன் கல்லறைகளின் மேல் ஆடுகள் ஏறி நின்று வெயில் காய்ந்தன. ஒரு கல்லில் கப்பல் செதுக்கியிருந்தது. இறங்கி அதைத் தடவிப் பார்த்தாள். படிக்கட்டில் பூப்போட்ட ஓடு பதித்த மலாய் வீடுகள், முற்றத்தில் காயும் பாய், தூணில் கட்டிய குரங்கு. இவ்வளவும் பால் ஊற்றும் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் தான் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள்.

வழியில் ஒரு பெரிய குளம் வந்தது. செம்பாறைப் படிகள், ஒரு கரை முழுக்கத் தாமரை, மூக்கு மட்டும் தெரிய மிதக்கும் எருமைகள். செங் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டித்தடம் ஒன்று அந்தக் கரையில் வந்து சேர்ந்து, இடதுபக்கமாக உள்ளே திரும்பிப் போனது. அஞ்சலை படியில் உட்கார்ந்து முகம் கழுவினாள். அவித்த மரவள்ளியைத் தின்றாள். அக்கம்பக்கம் ஏதாவது வீடு தெரிகிறதா, வாசலில் கோலம் தெரிகிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டாள்.

பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை குறுகிக்கொண்டே போய், ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசையின் முற்றத்துக்குள் நுழைந்தது. சாணம் தெளித்துப் பெருக்கிய மண். அதில், வெள்ளையாக, புள்ளி வைத்துச் சுற்றிய ஒரு கோலம்.

வாசலில் நின்ற பெண், சைக்கிளையும் அதிலிருந்து இறங்கிய புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரும்மா? பசியாறியாச்சா?" என்றாள். ருக்மணி என்று பெயர் சொன்னாள்.

அஞ்சலைக்கு ஆவல் அடங்கவில்லை. "நீங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்க கோலம் போடுறீங்களாமே, அக்கா?"

"எங்க பாட்டனா? அவரு திருச்சி பக்கத்துல செத்தாரு. கப்பலையே பார்த்ததில்ல. யாரு தங்கச்சி சொன்னா?"

அஞ்சலை கோலத்தைக் காட்டி, "அரிசி மாவா?" என்று கேட்டாள்.

"அரிசியா? கிடைச்சா வாயில போட மாட்டோமா? ஆத்துச் சிப்பியச் சுட்டு இடிச்சது." ருக்மணி கோலத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரை சயாமுக்கு ஏத்திக்கிட்டுப் போன அன்னைக்கு வாசல்ல கோலம் இருந்துச்சு. வர்ற அன்னைக்கும் இருக்கட்டும்னு போடுறேன்."

கோலத்தில் இடதுபக்கம் ஒரு பாதை உண்மையாகவே இருந்தது. அது மலாய்க்காரர்களின் பழைய இடுகாட்டைத் தாண்டியது. ஆளுயரக் கற்கள், தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நின்றன. அதன் பின்னால் ஆறு. இரு கரைக்கும் இழுத்துக் கட்டிய கயிற்றைப் பிடித்துப் போகும் மூங்கில் தெப்பம் ஒன்று கிடந்தது. சைக்கிளைப் படுக்கப் போட்டுக்கொண்டு அஞ்சலை அக்கரை சேர்ந்தாள். மண்வெட்டியோடு நின்ற மருதமுத்து அவளைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"தெப்பத்துலயா வந்த? அந்தப் பக்கம் மரப்பாலம் இருக்கே."

"சீதா பாலத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே, அண்ணே."

வீடு திரும்பியதும் சீதாவிடம் போய்க் கேட்டாள். கோலம் போடும் வீட்டைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, சீதாவின் கண்கள் விரிந்துகொண்டே போயின. கடைசியில் மிளகாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயிர்லா, ஆயிர்! தண்ணி! எருமை குளிக்குமே, தாமரை இருக்குமே, அந்தக் கோலாம்!"

வேலியை ஒட்டிய கொட்டகைப் பரணிலிருந்து வைக்கோல் உதிர்ந்தது. மேலே கணேசமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தான். மலாய் முதலாளியிடம் தையல் பழகியவனுக்கு அந்தச் சொல் தெரியும். "நம்ம ஊருக் குளந்தான் கப்பலேறி வந்து இங்க கோலாம் ஆயிருக்கு. இவ குளத்துல முகம் கழுவிட்டு, குளம் எங்கன்னு தேடிப் போயிருக்கா."

அஞ்சலையின் முகம் சிவந்தது. ஆனாலும் குளத்தில் திரும்புவதுதான் நல்ல வழி என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள். தூரம் பாதி. சீதாவின் வீட்டார் காலமெல்லாம் போய் வந்த வண்டிப்பாதை. அது நெல் வண்டி தாங்குமளவுக்கு ஒரு மரப்பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. தெப்பம் என்ற சொல்லைக் கேட்டதுமே கணேசமூர்த்தி கும்பிட்டுவிட்டான்.

"நான் சயாமுக்கே போறேன். அங்க ரயில் பாதை தரையிலதான் போடுறான்."

அன்று மாலையே சேதி வந்தது. மறுநாள் காலையில் காஜா பெராங் ஆம்பிளைகள் எல்லாரும் திடலுக்கு வர வேண்டும், அரிசி கொடுக்கப் போகிறார்கள். அரிசி என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இரவு முழுக்க மழை கொட்டியது. விடியும்போது விட்டது. அஞ்சலை சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, கணேசமூர்த்தி பின்னால் கேரியரில் ஏறி, கேன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பொண்டாட்டி மிதிக்க நான் உட்கார்ந்து போறதை ஊர்ல எவனாவது பார்த்தா?"

"பார்க்கறதுக்கு ஊர்ல எந்த ஆம்பள வெளிய நிக்கிறான்? காலைத் தூக்கிக்குங்க."

ஈரத்தில் கயிறு உப்பி, சக்கரம் கனத்தது. அழுத்தி மிதித்தாள். அம்மன் கல்லைத் தாண்டினார்கள். கல்லறைகளைத் தாண்டினார்கள். குளம் வந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் அவள் காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"என்ன? கோலாம் வந்தாச்சு. கிரி, கிரி," என்றான் அவன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்குப் பிந்திய மண், புதிதாக மெழுகியது போல இருந்தது. தங்களுக்குப் பின்னால் நார்க்கயிற்றின் தடம், பின்னல் பின்னலாக வந்திருந்தது. முன்னால், செங் பக்கமிருந்து வந்து குளக்கரையில் வளைந்து இடதுபக்கம் உள்ளே போயிருந்தது, அகலமான வேறொரு தடம். பல்லுப் பல்லாக வரி.

"ஏங்க, இந்த ஊர்ல இப்ப ரப்பர் டயர் யாருகிட்ட இருக்கு?"

கணேசமூர்த்தி கேரியரிலிருந்து இறங்கினான். குனிந்து தடத்தைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "உள்ளேர்ந்து வெளிய வந்ததா இருக்கலாமில்ல?"

"இந்தச் சாணியப் பாருங்க." பாதை வாயில் எருமைச் சாணம் கிடந்தது. அதன் மேல் ஏறிய சக்கரம், அதை உள்பக்கமாகத் தீற்றிக்கொண்டே போயிருந்தது. "உள்ள போன தடம் ஒண்ணுதான் இருக்கு. வந்த தடம் இல்ல."

"பாலத்தைத் தாண்டி எங்கயாவது போயிருப்பான்."

"மாட்டுவண்டிப் பாலம் லோரியத் தாங்குமா?"

அவன் இடதுபக்கப் பாதையைப் பார்த்தான். காலியாக, அமைதியாக, நல்ல பாதையாகத்தான் தெரிந்தது. அப்புறம் குளத்துத் தண்ணீரைப் பார்த்தான்.

"அப்ப தெப்பமா?"

"தெப்பந்தான்."

"நான் கண்ண மூடிக்குவேன்."

"கேரியர்ல ஏறுனதுலேர்ந்து அதைத்தானே செய்றீங்க."

அவர்கள் நேராகப் போனார்கள். ருக்மணியின் முற்றத்தில் ஈர மண்ணின் மேல் அன்றைக்கும் கோலம் இருந்தது, அப்போதுதான் போட்டது. மழையில் பாதை ஓரமெல்லாம் சரிந்து, போக அந்த முற்றத்தை விட்டால் வேறு இடமில்லை. அஞ்சலை முன்சக்கரத்தைத் தூக்கினாள். கணேசமூர்த்தி பின்சக்கரத்தைத் தூக்கினான். ஒரு புள்ளி கலையாமல் அதைத் தாண்டி வைத்தார்கள்.

ருக்மணி அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு உயரந்தான் இவரும்," என்றாள்.

"நான் தையக்காரன், அக்கா," என்றான் கணேசமூர்த்தி. "உயரம் தெரிஞ்சுபோச்சு. அகலம் மட்டும் சொல்லுங்க. அவர் வர்றப்ப ஒரு சட்டை தைச்சு வச்சிருக்கேன்."

அவள் கையை விரித்து அகலம் காட்டினாள்.

தெப்பத்தில் அவன் சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டான். அஞ்சலை கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அக்கரையில் மருதமுத்து, "மச்சான், கண்ணத் திறங்க, கரை வந்துருச்சு," என்று சொல்லியும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. அன்று காலை மரப்பாலத்துக்குக் குளத்துப் பக்கம் லோரி நின்றதையும், வயலுக்குப் போன ஆம்பிளைகளை அது ஏற்றிக்கொண்டு போனதையும் சீதாதான் பிற்பாடு கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வீடு திரும்பியிருந்த அஞ்சலையிடம் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போகும்வரை கணேசமூர்த்தி மச்சானோடு மரவள்ளி பிடுங்கினான். அஞ்சலை வாரம் தவறாமல் அந்த ஓசையில்லாத பாதையில் கிழட்டுப் பசுவின் பாலோடு போய் வந்தாள். போகும்போதெல்லாம் புதிதாக ஒரு சந்துவழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுபோன ஒரு பழைய திரைச்சீலையில் அவன் கை ஊசியாலேயே ஒரு சட்டை தைத்தான்.

வீடு திரும்பிய நாளில் பாலத்தில் சிப்பாய் யாருமில்லை. "பாலம் வழியா போவமா?" என்று அஞ்சலை கேட்டாள். தெப்பத்திலேயே போகலாம் என்று அவன்தான் சொன்னான். மடியில் அந்தச் சட்டை இருந்தது.

ருக்மணி வாங்கி, பிரித்துப் பார்த்து, தோளோடு தோளாக மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வீட்டுக்காரரைப் பற்றி இவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாசலில் கோலம் இருந்தது. அஞ்சலை முன்சக்கரத்தைப் பிடிக்க, கணேசமூர்த்தி பின்சக்கரத்தைப் பிடிக்க, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார்கள்.